ஆளுக்கு ஆறு பென்னி

"கிழவர்களின் ஞாபகம் சரித்திரமாகாது; கையெழுத்தும் முத்திரையும் உள்ள தஸ்தாவேஜு இருந்தால் காட்டு" என்று சொல்லும் படித்த மனிதர்கள் உண்டு. இதை நாம் ஒப்புக்கொள்ளவில்லை. ஏனென்று கேட்பவர்கள், லண்டனில் உள்ள ஆர்சனல் கால்பந்துக் கிளப் பிறந்த விதத்தைப் பார்க்கட்டும்.

ஆர்சனல் என்றால் ஆயுதசாலை. தேம்ஸ் நதியின் தென்கரையில், வுல்விச் என்ற இடத்தில், பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்துக்குப் பீரங்கியும் குண்டும் செய்து கொடுத்த சர்க்கார் தொழிற்சாலை இருந்தது. (அந்தக் குண்டுகள் எந்தெந்த நாட்டு ஜனங்கள் மீது விழுந்தன என்பது தனிக் கதை.) அங்கே டயல் ஸ்கொயர் என்று ஒரு பட்டறை. 1886ல் ஸ்காட்லாந்திலிருந்து பிழைக்க வந்த டேவிட் டான்ஸ்கின் என்ற தொழிலாளி, பந்து வாங்கச் சந்தா வசூலித்தார். 15 பேர் ஆளுக்கு 6 பென்னி போட்டார்கள். டான்ஸ்கின் தம் பையிலிருந்து 3 ஷில்லிங் சேர்த்தார். ஆக மொத்தம் 10 ஷில்லிங் 6 பென்னி! நாட்டிங்ஹாமிலிருந்து வேலைக்கு வந்திருந்த பியர்ட்ஸ்லி என்ற தோழர் தமது பழைய கிளப்புக்குக் கடிதம் எழுத, சிவப்புச் சட்டைகள் வந்து சேர்ந்தன. இன்றும் அந்தக் கிளப்பின் நிறம் சிவப்புதான்.

முதல் ஆட்டம் அந்த வருஷம் டிசம்பர் 11ந் தேதி, ஈஸ்டர்ன் வாண்டரர்ஸ் என்ற அணியோடு நடந்தது. 6-0 என்று ஜெயித்தார்கள். அன்றைய மைதானம் எப்படி இருந்தது என்பதை முதல் காரியதரிசி எலைஜா வாட்கின்ஸ் 1902ல் ஒரு பத்திரிகைக்கு எழுதினார். அதன் வடிவம் என்னவென்றே சொல்ல முடியாதாம். பெரும்பகுதி வீடுகளின் கொல்லைப்புறம். மீதிப் பக்கத்தில் இருந்ததைக் கால்வாய் என்பதைவிடச் சாக்கடை என்பதே பொருத்தமாம். 16 வருஷம் கழித்து, ஞாபகத்திலிருந்து எழுதியது இது. அவர் எழுதாமல் இருந்திருந்தால் அந்தச் சாக்கடையை யார் அறிவார்கள்?

ஞாபகம் பிசகும் என்பது வாஸ்தவம். அதனால்தான் ஒருவர் சொன்னதோடு நிறுத்தாமல் இன்னும் நாலு பேரைத் தனித்தனியே கேட்க வேண்டும். பழைய படம், சந்தாச் சீட்டு, பத்திரிகைத் துணுக்கு எதுவானாலும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். வாட்கின்ஸ் எழுதியபோது உடன் ஆடியவர்கள் உயிரோடு இருந்தார்கள். பொய் என்றால் மறுத்திருக்கலாம். ஆனால் காகிதம் மட்டும் பிசகாதா? காகிதம் எங்கே ஆரம்பிக்கிறது என்று பாருங்கள்!

1891ல் கிளப்பை லிமிடெட் கம்பெனியாக்கலாம் என்று பேச்சு வந்தபோது, ஜாக் ஹம்பிள் என்பவர் எதிர்த்தார். இவர் வேலை தேடி டர்ஹாமிலிருந்து லண்டனுக்கு நடந்தே வந்தவர். தொழிலாளிகள் நடத்திவந்த கிளப்பைத் தொழிலாளிகளே தொடர்ந்து நடத்த வேண்டும் என்பது அவர் வாதம். யோசனை தோற்றது. ஆனால் 1893ல் கிளப் தேசிய லீக்கில் சேர்ந்ததும் மைதானத்தின் சொந்தக்காரர் வருஷ வாடகையை 200 பவுனிலிருந்து 350 பவுனாக உயர்த்தினார். ஜெயித்தவனிடம் வாடகை கூட்டுவது நிலச் சொந்தக்காரனின் பழைய சட்டம் அல்லவா? வேறு மைதானம் வாங்கப் பணம் வேண்டும். ஆகவே கம்பெனி பிறந்தது. 860 பேர் பங்கு வாங்கினார்கள், பெரும்பாலோர் உடலுழைப்புத் தொழிலாளிகள். பங்குதாரர் பட்டியல் என்ற உறுதியான தஸ்தாவேஜு அப்போதுதான் உண்டாயிற்று. 6 பென்னி போட்டவர்களின் காலத்துக்கு அப்படி ஒரு பட்டியல் கிடையாது. அந்தப் பதினைந்து பேரும் வாய்வழியாகவே நம்மிடம் வந்திருக்கிறார்கள்.

1910ல் ஒரு பணக்காரர் கையில் கிளப் சிக்கியது. 1913ல் ஆற்றைக் கடந்து வடக்கு லண்டனுக்குப் போயிற்று. அடுத்த வருஷமே வுல்விச் என்ற ஊர்ப் பெயரைக் கழற்றிவிட்டார்கள். ஆயுதசாலையின் பெயர் மட்டும் மிச்சம்.