பூசலார் கடக்கால் தோண்டினார்

கஷ்டத்தில் இருக்கிறவங்களைப் பார்க்கப் போறப்ப நம்ம ஆளுங்க வாயிலிருந்து வர்ற வசனங்களை மட்டும் தொகுத்தால் ஒரு தனிப் பதிவு தேறும். "எல்லாம் நன்மைக்கே", "ஆண்டவன் நல்லவங்களைத்தான் சோதிப்பான்", "தங்கத்தைப் புடம் போட்டாத்தான் மின்னும்"... காலையில் வாட்ஸப்பைத் திறந்தால் சூரியோதயப் படத்தோடு இதே சரக்குதான். சொல்றவங்க கெட்டவங்க இல்லை. ஆனா ஒண்ணு கவனிச்சிருக்கீங்களா? புடம் பத்திப் பேசுறவர் பெரும்பாலும் நெருப்புக்கு வெளியேதான் நின்னுக்கிட்டிருப்பார்.

இதில் எனக்கு ஒரு கருத்து உண்டு. அதைச் சொல்ல வேப்பம்பட்டிலிருந்து ரொம்ப தூரம் போக வேண்டியதில்லை. சென்ட்ரல் பக்கம் போற லோக்கல் ரயிலில் ஏறினால் அடுத்த ஸ்டேஷன் திருநின்றவூர். (பழைய ஆளுங்க வாயில் அது இன்னும் "தின்னனூர்"தான்.) திவ்யதேசங்கள் 108-இல் ஒன்றான பக்தவத்சலப் பெருமாள் கோயில் இருக்கிற ஊர். அதே ஊரில் இருதயாலீஸ்வரர் கோயிலும் இருக்கு. இதய நோய் உள்ளவங்க வந்து வேண்டிக்கிற கோயில்னு இப்ப பேராகிப் போச்சு. ஆனா அந்தக் கோயிலுக்குப் பின்னால் இருக்கிற கதைக்கும் நோய்க்கும் சம்பந்தம் இல்லை. அது கையில் காசில்லாத ஒருத்தர் கட்டடம் கட்டின கதை.

பூசலார் நாயனார் கதை எல்லாருக்கும் தெரியும், சுருக்கமா சொல்லிடறேன். சிவனுக்குக் கோயில் கட்டணும்னு ஆசை, கையில் ஒண்ணுமில்லை, மனசுக்குள்ளேயே கட்டினார். அதே சமயம் காஞ்சிபுரத்தில் பல்லவ ராஜா கல்லால் பெரிய கோயில் கட்டி முடிச்சு நாள் குறிக்கிறான். முந்தின ராத்திரி சிவன் கனவில் வந்து, நாளைக்கு நின்றவூரில் பூசல் கட்டின கோயிலுக்கு நான் போகணும், உன் நாளைத் தள்ளி வெச்சுக்கோங்கிறார். அந்த ராஜா கைலாசநாதர் கோயிலைக் கட்டின ராஜசிம்ம பல்லவன், 8-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்துல இருந்தவன் என்பது பொதுவான கருத்து. அந்தக் கோயில் கல்வெட்டிலேயே இந்த ராஜா அசரீரி ஒண்ணைக் கேட்டான்னு ஒரு வரி இருக்கு.

இந்தக் கதையிலிருந்து நாம வழக்கமா எடுத்துக்கிறது, "காசு முக்கியமில்லை, மனசுதான் முக்கியம்". இது எனக்கு ஒத்துவரலை. சேக்கிழார் அப்படி எழுதலை.

பெரியபுராணத்தில் பூசலார் எடுத்த எடுப்பில் கண்ணை மூடிக்கிட்டு உட்காரலை. முதலில் ஊர் ஊரா அலைஞ்சு பொருள் தேடறார். எதுவும் தேறலை. என்ன செய்வேன்னு மனசு நொந்து போறார். அதுக்கப்புறம்தான் மனக்கோயில். அதையும் எப்படிக் கட்டறார் பாருங்க. பொருளைச் சிறுகச் சிறுகச் சேர்க்கிறார். தச்சர்களைக் கூட்டறார். நல்ல நாள் பார்த்து, ஆகம முறைப்படி கடக்கால் போடறார். ராத்திரி தூங்காமல் வேலை நடக்குது. அடித்தளத்திலிருந்து சிகரம் வரைக்கும் வரிசையா ஏத்தி, மேலே ஸ்தூபி நட்டு, சுதைப் பூச்சு முடிச்சு, அதோட விட்டாரா? கிணறு வெட்டி, சுத்துமதில் எழுப்பி, குளமும் தோண்டறார். எல்லாம் மனசுக்குள்ள! காசா பணமா, நேரா கோபுரத்தில் ஆரம்பிச்சிருக்கலாமே? யார் கேட்கப் போறா? :-)

சேக்கிழார் நம்ம பக்கத்து ஆள்தான், குன்றத்தூர்க்காரர். சோழ அரசில் அமைச்சரா இருந்தவர். ஒரு கட்டடம் எந்த வரிசையில் எழும்புங்கிறது அவருக்குத் தெரியாமல் இருக்காது. அதனாலதான் பூசலாருக்கு எந்தக் குறுக்குவழியும் கொடுக்கலைன்னு நினைக்கிறேன். பகல்கனவு காண்கிறவன் நேரே கிரகப்பிரவேசத்துக்குப் போயிடுவான். பூசலார் கடக்கால் தோண்டினார். நம்பிக்கைன்னா எனக்கு அதுதான்: நடக்கும்னு உட்கார்ந்து காத்திருக்கிறது இல்லை, இன்னைக்குப் போட வேண்டிய வரிசையை இன்னைக்குப் போடறது.

விக்டர் ஃப்ராங்க்ல் என்ற வியன்னா மனநல மருத்துவர் எழுதின ஒரு விஷயம் இந்த இடத்தில் ஞாபகம் வரும். நாஜி வதைமுகாம்களில் 1942-லிருந்து 1945 வரை கிடந்தவர். அப்பா, அம்மா, அண்ணன், மனைவி எல்லாரையும் பறிகொடுத்தவர். 1944 கிறிஸ்துமஸுக்கும் 1945 புத்தாண்டுக்கும் நடுவில் முகாமில் சாவு திடீர்னு கூடிப்போச்சாம். உணவு குறையலை, புதுசா நோய் வரலை. கிறிஸ்துமஸுக்குள் வீட்டுக்குப் போயிடுவோம்னு நம்பினவங்க அந்த நாள் தாண்டினதும் விழுந்துட்டாங்கன்னு அந்த முகாம் மருத்துவர் சொன்னதா எழுதறார். அதே ஃப்ராங்க்ல், ஆஷ்விட்ஸில் பிடுங்கிக்கொள்ளப்பட்ட தன் புத்தகக் கையெழுத்துப் பிரதியை, டைஃபஸ் காய்ச்சலில் கிடந்தப்ப துண்டுக் காகிதங்களில் குறிப்பு குறிப்பா மறுபடி எழுதினார். தூங்கினால் செத்துப் போயிடுவோம்னு ராத்திரியில் எழுதினார். இதுவும் ராத்திரி தூங்காமல் நடந்த வேலைதான்.

எங்க ஊரில் இதுக்கெல்லாம் புத்தகம் தேட வேண்டாம். வேப்பம்பட்டில் எந்தத் தெருவில் நடந்தாலும் மொட்டைமாடியில் கம்பி நீட்டிக்கிட்டு நிற்கிற வீடு ரெண்டு இருக்கும். அடுத்த மாடி மனசுக்குள் எழும்பியாச்சு, கான்கிரீட்தான் பாக்கி. எங்க தெருவில் ஒரு அக்கா. ரவிக்கை தைக்கிறவங்க. வீட்டுக்காரர் நோயில் விழுந்து, கூரைக்குன்னு வெச்சிருந்த பணம் ஆஸ்பத்திரிக்குப் போய், கடைசியில் அவரும் போயிட்டார். வீடு லிண்டல் மட்டத்தில் நாலு வருஷம் நின்னுச்சு. பின்னால் ஆஸ்பெஸ்டாஸ் போட்ட ஒரே அறையில் பிள்ளைங்களோட இருந்தாங்க. "இது கிச்சன் தம்பி, ஜன்னல் கிழக்கே பார்த்து வருது"ன்னு வெறும் செங்கலைக் காட்டிச் சொல்வாங்க. நிலைவாசல் மட்டும் முன்கூட்டியே வாங்கிக் கோணியில் சுத்தி வெச்சிருந்தாங்க. சாயங்காலம் தையல் முடிஞ்சதும் பாதிச் சுவருக்குத் தண்ணி காட்டறதைப் பார்த்திருக்கேன், அந்தச் சுவருக்கு அது தேவையே இல்லைன்னாலும்.

அவங்க வீட்டுக்குப் புடம் போட்ட தங்கம் வசனத்தோட வந்து போனவங்க எத்தனையோ பேர். ஆனா லோன் கேட்டுப் போன இடத்தில் மனை அப்ரூவ்டு இல்லைன்னு திருப்பி அனுப்பினாங்க. 2016 செப்டம்பரில் ஐகோர்ட், அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதிவு செய்யத் தடை போட்டு, 2017-ல் அரசு வரன்முறை விதிகள் கொண்டு வந்த நேரம். புறநகர் முழுக்க அதே பேச்சு. எந்த ஆபீஸ், எந்த ஃபாரம்னு தெரியாமல் அக்கா அலைஞ்சப்ப கூடப் போனவர் ஒரே ஒருத்தர், லோக்கல் ரயிலில் பழக்கமான ஒரு பெரியவர். ரெண்டு மூணு நாள் வேலையைக் கெடுத்துக்கிட்டு வரிசையில் நின்னார். அவர் வாயிலிருந்து தத்துவமா ஒரு வார்த்தை வந்து நான் கேட்டதில்லை.

டீக்கடையில் ஒரு பகுத்தறிவு நண்பர் பூசலார் கதையைக் கேட்டாலே கடுப்பாயிடுவார். "ஏழையைப் பார்த்து மனசுக்குள்ள கட்டிக்கோன்னு சொல்ற கதைய்யா இது. ராஜாவுக்குக் கல்லு, உனக்குக் கற்பனை!" அவர் சொல்றதில் நியாயம் இருக்கு. அந்தக் கதையை அப்படிச் சொல்றவங்க நிறையவே இருக்காங்க. ஃப்ராங்க்லே இதில் கறார்தான்: தவிர்க்கக்கூடிய துன்பமா இருந்தால் அதன் காரணத்தை நீக்கறதுதான் அர்த்தமுள்ள காரியம், தேவையில்லாமல் தாங்கிக்கிட்டிருக்கிறது வீரம் இல்லைங்கிறார். பட்டாவுக்கு அலையற அக்காகிட்ட போய் மனக்கோயில் பத்திப் பேசினால் அது அயோக்கியத்தனம். தன் துன்பத்துக்கு அர்த்தம் என்னன்னு அவங்கதான் சொல்லணும். நாம போய் அதை எடுத்துக் கொடுக்க முடியாது.

அப்போ நமக்கு, வெளியே நிற்கிறவங்களுக்கு, அந்தக் கதையில் என்ன வேலை? எனக்குத் தோணறது, பணிவுங்கிற பாகம் நமக்குத்தான். கஷ்டப்படறவனைப் பார்த்துப் பணிவு கத்துக்கோன்னு சொல்றது வேடிக்கை. அவனைத்தான் வாழ்க்கை ஏற்கெனவே குனிய வெச்சிருக்கே. கதையில் நிஜமாவே குனியறது ராஜா. அத்தனை கல்லையும் அடுக்கிக் கட்டின கோயில் தயாரா நிற்கறப்ப, உன்னுது அப்புறம்னு ஒரு வார்த்தை. அவன் கோவிச்சுக்கலை. ஆளனுப்பிப் பூசலாரைக் கூட்டி வரச் சொல்லலை. தானே கிளம்பி நின்றவூர் வந்து, பூசல் கட்டின கோயில் எதுன்னு விசாரிக்கிறான். ஊர்க்காரங்க என்ன சொன்னாங்க தெரியுமா? பூசல் இங்கே எந்தக் கோயிலும் கட்டலையே! அத்தனை நாளா ராத்திரி பகலா வேலை நடந்திருக்கு, பக்கத்து வீட்டுக்காரனுக்குத் தெரியலை. கதையில் என்னைக் குத்தற இடம் இதுதான். நாம எல்லாருமே அந்த ஊர்க்காரங்கதான்.

இன்னொண்ணு. ராஜா பூசலாரைக் கண்டுபிடிச்சு, விஷயத்தைக் கேட்டு அசந்து, விழுந்து கும்பிடறான். பொன் கொடுத்தான், ஊர் கொடுத்தான், மாலை போட்டான்னெல்லாம் சேக்கிழார் எழுதலை. அரசாங்கத்தில் இருந்தவருக்கு அதை எழுத எவ்வளவு நேரம் ஆகும்? ராஜா படையோட தன் ஊருக்குத் திரும்பிப் போறான். பூசலார் தன் கோயிலில் அதுக்கப்புறமும் ரொம்ப நாள் பூசை பண்ணிக்கிட்டிருக்கார்.