காசு வாங்காத விளம்பரம்

அமெரிக்கப் பத்திரிகைகளின் குறுக்கெழுத்துப் புதிர்களில் அடிக்கடி தலைகாட்டும் ஒரு ரகக் குறிப்பு உண்டு. ஏதோ ஒரு விமானக் கம்பெனியின் பழைய விளம்பர வாசகத்தை மேற்கோள் குறிக்குள் போட்டுவிடுவார்கள். கம்பெனி பெயரைக் கண்டுபிடிக்க வேண்டும். உதாரணத்துக்கு, ‘வீ லவ் டு ஃப்ளை அண்ட் இட் ஷோஸ்’. பறப்பது எங்களுக்கு ரொம்பப் பிடிக்கும், பார்த்தாலே தெரியும் என்று அர்த்தம். ஆங்கிலத்தில் ஐந்து எழுத்து. விடை: டெல்டா.

இதில் மூளைக்கு என்ன வேலை? பறக்கப் பிடிக்காது என்று எந்த விமானக் கம்பெனியாவது சொல்லுமா? வாசகத்தைத் தலைகீழாகப் புரட்டினாலும் அதிலிருந்து டெல்டா வராது. 1980களின் கடைசியில் அமெரிக்காவில் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தவருக்கு உடனே தெரியும். மற்றவர் விடிய விடிய யோசித்தாலும் தெரியாது.

காமர்ஸ் படிப்பவர்களுக்கு இது பழகிய சமாச்சாரம்தான். ‘பிராண்ட் ரீகால்’ என்பார்கள். விளம்பரத்துக்குக் கொட்டிய பணம் மக்கள் மனதில் ஒட்டியதா என்று பார்க்கக் கம்பெனிகள் காசு செலவழித்து நடத்தும் சோதனை. அதே சோதனையைப் புதிர் என்ற பெயரில், காசு கொடுத்துப் பேப்பர் வாங்கியவரிடமே நடத்துவது என்ன நியாயம்?

இத்தனைக்கும் டெல்டாவுக்குக் குறிப்புப் பஞ்சமா? கிரேக்க மொழியின் நாலாவது எழுத்து. ஆறு கடலில் சேரும் இடத்து வண்டல் நிலம் (தஞ்சாவூர்க்காரருக்குச் சொல்லித்தர வேண்டாம்). விமானக் கம்பெனியாகவே வேண்டும் என்றாலும் வழி இருக்கிறது. பருத்தி வயல்களுக்கு விமானத்திலிருந்து பூச்சிமருந்து தூவும் தொழிலில் ஆரம்பித்த கம்பெனி அது. மிசிசிப்பி டெல்டாதான் பெயருக்கு மூலம்.

இஸ்ரேலின் எல் அல் இன்னொன்று. நாலே எழுத்து, அதில் இரண்டு உயிரெழுத்து. புதிர் கட்டுபவர்களுக்கு அல்வா மாதிரி. ‘சனிக்கிழமை பகலில் பறக்காத கம்பெனி’ என்று குறிப்புக் கொடுத்துப் பாருங்கள். யூதர்களின் ஓய்வுநாள் ஞாபகம் வந்தால் விடை வரும். வராதவரும் புதிதாக ஒன்றைத் தெரிந்துகொண்டு போவார்.

இதைவிடப் பெரிய கோளாறு ஒன்று உண்டு. குறிப்பும் விடையும் சமம் என்பதுதான் குறுக்கெழுத்தின் அடிப்படை ஒப்பந்தம். குறிப்பு இருக்கவேண்டிய இடத்தில் விளம்பர வாசகத்தை வைத்தால், விற்பவன் பேச்சு உண்மையின் நாற்காலியில் உட்கார்ந்துகொள்கிறது. ‘உலகின் அபிமான விமான நிறுவனம்’ என்று 1983இல் பிரிட்டிஷ் ஏர்வேஸ் விளம்பரம் செய்தது. ஆதாரம்? மற்ற எந்தக் கம்பெனியையும் விட அதிக சர்வதேசப் பயணிகளை ஏற்றிச்சென்றதாம். அப்படியானால் சாயங்காலம் ஆறு மணிக்குத் தாம்பரம் ரயிலில் தொங்குபவர்கள் எல்லாம் ரயில்வேயின் ரசிகர்களா? :-)

யுனைடெட் கதை இன்னும் மோசம். ‘நட்பான வானில் பறந்து வாருங்கள்’ என்பது 1965இல் அது பிடித்த வாசகம். நடுவில் கைவிட்டு, 2013இல் தூசு தட்டி எடுத்தது. 2017 ஏப்ரலில் சிகாகோவில், சீட்டைக் காலி செய்ய மறுத்த பயணியைப் பாதுகாப்பு ஆட்கள் தரதரவென்று இழுத்துப்போன வீடியோவை உலகமே பார்த்தது. கட்டத்துக்குள் மட்டும் வானம் நட்பாகவே இருக்கிறது!

‘வாசகம் தெரியாவிட்டால் என்ன, குறுக்கே வரும் எழுத்துகள் காப்பாற்றுமே’ என்று வக்காலத்து வாங்குவார்கள். அமெரிக்கக் கட்டங்களில் எல்லா எழுத்தும் இரண்டு சொற்களில் வரும், உண்மைதான். ஆனால் குறுக்கே வருவதும் தெரியாத பெயராக இருந்தால்? 2008இல் நியூயார்க் டைம்ஸ் புதிரில் நாட்டிக் என்ற சின்ன ஊரும் ஓர் ஓவியரின் பெயரும் ஒரே எழுத்தில் முட்டிக்கொண்டன. விமர்சகர் ரெக்ஸ் பார்க்கர் இந்த மாதிரி முட்டுச்சந்துக்கே ‘நாட்டிக்’ என்று பெயர் வைத்துவிட்டார். அப்படியே குறுக்கெழுத்துகள் காப்பாற்றினாலும், அந்தக் குறிப்பு எதற்கு? வெறும் கோடு போட்டிருந்தாலும் அதே விடைதானே வந்திருக்கும்?

விமானக் கம்பெனிகளைப் புதிரில் தாராளமாக வைக்கட்டும். அது என்ன செய்கிறது, பெயர் எங்கிருந்து வந்தது என்று கேட்கட்டும். தன்னைப் பற்றி அது என்ன சொல்லிக்கொள்கிறது என்பதற்குப் பேப்பரில் வேறு பக்கம் இருக்கிறது. அங்கே போட்டால் காசாவது கிடைக்கும்.