கேஸ் ஷீட்டில் செவிலியரின் வரி

மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017இன் 89ஆவது பிரிவை நம்மில் பலர் தேர்வுக்குப் படித்ததோடு மறந்திருப்போம். சிகிச்சை பற்றி முடிவெடுக்க மிகுந்த துணை தேவைப்படும் ஒருவரை, அவருடைய நியமனப் பிரதிநிதியின் விண்ணப்பத்தின் பேரில் மருத்துவமனையில் சேர்ப்பதைப் பற்றிய பிரிவு அது. சேர்க்கும் நாளிலோ அதற்கு முந்தைய ஏழு நாட்களுக்குள்ளோ இருவர் அவரைத் தனித்தனியே பரிசோதித்து, தனித்தனியே ஒரு முடிவுக்கு வந்திருக்க வேண்டும். ஒருவர் மனநல மருத்துவர். இன்னொருவர் வேறு மருத்துவராக இருக்கலாம். மாநில ஆணையத்தில் பதிவுபெற்ற மனநல வல்லுநராகவும் இருக்கலாம். அப்படிப் பதிவுபெறக்கூடியவர்களில் மனநலச் செவிலியரும் உண்டு. ஒருவரின் நடமாட்டத்தையே கட்டுப்படுத்தும் முடிவில் செவிலியரின் தனிக் கணிப்புக்குச் சட்டம் இடம் தருகிறது. அதே செவிலியர் வார்டில் எழுதுவதோ, "நோயாளி அமைதியின்றி இருந்தார். இரவு 2 மணி நேரம் தூங்கினார். டாக்டருக்குத் தெரிவிக்கப்பட்டது" என்பதோடு நின்றுவிடுகிறது. ஏன் தூங்கவில்லை என்று அவர் நினைத்தது எந்தத் தாளிலும் ஏறுவதில்லை. உயர்நிலைச் செவிலியப் பணி என்றாலே மருந்து எழுதும் உரிமையிலிருந்துதான் பேச்சைத் தொடங்குகிறோம். அது பின்னால் வரட்டும். நோயைக் கணித்து, காரணத்தோடு எழுதி, கீழே கையெழுத்திடும் பொறுப்பை நாம் முதலில் கேட்டு வாங்க வேண்டும்.

கணிப்பு என்றதும் வினாத்தாளைத் தேடுகிற பழக்கம் நமக்கு இருக்கிறது. பிஎச்க்யூ-9இல் ஒன்பது கேள்விகள். மொத்தம் 27 மதிப்பெண். 10 வந்துவிட்டால் மனச்சோர்வு என்று முடித்துவிடுகிறோம். அது சல்லடை மட்டுமே. ஓபிக்கு வரும் பெண் "மனச்சோர்வு" என்ற சொல்லோடு வருவதில்லை. கை கால் குடைச்சல், நெஞ்சு படபடப்பு, சோறு இறங்கவில்லை என்றுதான் வருகிறார். மதிப்பெண் 16 என்று வைத்துக்கொள்வோம். அந்தத் தாள் கேட்டது கடந்த இரண்டு வாரங்களைப் பற்றி மட்டும். மூன்று வருடங்களுக்கு முன் ஒரு வாரம் முழுக்கக் கண் மூடாமல், நகையை அடகு வைத்துப் பட்டுப்புடவைகளாக வாங்கிக் குவித்ததை அது கேட்பதில்லை. "தூக்கமே இல்லாம, ஆனா அலுப்பும் தெரியாம, நாலஞ்சு நாள் துறுதுறுன்னு இருந்தது உண்டாம்மா?" என்ற ஒரு கேள்வியை அவரிடமும், கூட வந்திருக்கும் அம்மாவிடமும் தனித்தனியே கேட்டால்தான் இருமுனை நோயின் வாடை தெரியும். கேட்காமல் விட்டு, மனச்சோர்வுக்கான மாத்திரை மட்டும் தொடங்கினால் அவர் பித்துநிலைக்குத் தாவிவிடக்கூடும். தைராய்டு, ரத்தசோகை, ஸ்டீராய்டு மாத்திரை, சாக வேண்டும் என்ற எண்ணம் ஆகியவற்றையும் விசாரித்த பிறகே நோய்க்குப் பெயர் வைக்க வேண்டும்.

வார்டில் இதைவிட அவசரமான நிலைமைகள் உண்டு. இடுப்பெலும்பு அறுவைசிகிச்சை முடிந்த மூன்றாம் நாள், முதியவர் ஒருவர் பேச்சின்றிச் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறார். பகலில் வந்து பார்ப்பவருக்கு அது மனவாட்டம். கிழமைகளைப் பின்னோக்கிச் சொல்லச் சொன்னால் சனி, வெள்ளி என்று தொடங்கி வியாழனில் தொலைந்துபோகிறார். காலையில் சரியாகச் சொன்னவர் மாலையில் மகனையே யாரென்று கேட்கிறார். கவனம் சிதறுவதும், நேரத்துக்கு நேரம் நிலை மாறுவதும் குழப்பநிலையின், அதாவது டெலிரியத்தின் அடையாளம். சிறுநீர்த் தொற்று, சோடியம் குறைவு, வலிமருந்து என்று காரணத்தைத் தேடவேண்டிய நேரம் அது. அந்த ஏற்ற இறக்கத்தை முழுதாகப் பார்க்கிற ஒரே ஆள் நைட் டியூட்டி செவிலியர். சிகிச்சையிலும் இதே கதைதான். லித்தியம் எடுப்பவர் சித்திரை வெயிலில் வயிற்றுப்போக்கோடு வருகிறார்; முழங்கால் வலிக்கு மெடிக்கல் ஷாப்பில் டைக்ளோஃபெனாக் வாங்கிப் போட்டிருக்கிறார்; காபி டம்ளர் கையில் ஆடுகிறது, நடை தள்ளாடுகிறது. இதைப் 'பதற்றம்' என்று எழுதினால் ஆபத்து. லித்தியம் நச்சாகியிருக்கலாம் என்று எழுதி, மருந்தை நிறுத்திவைக்கச் சொல்லி உடனே மருத்துவரை அழைத்து, ரத்த அளவும் சிறுநீரகச் செயல்பாடும் பார்க்கச் சொல்வதும் கணிப்புதான்.

மருத்துவர்கள் தரப்பின் ஆட்சேபம் நியாயமானது: தவறினால் யார் பொறுப்பு? 2015–16 தேசிய மனநல ஆய்வில் சிகிச்சை இடைவெளி 70 முதல் 92 சதவீதம் என்று கண்டதை இதற்குப் பதிலாகச் சொல்வது நம் வழக்கம். அந்த வாதம் எனக்கு உடன்பாடில்லை. ஆள் பற்றாக்குறை ஒருபோதும் தகுதிச் சான்றாகாது. காஞ்சிபுரம், கோவா, சதாரா ஆகிய இடங்களில் நடந்து 2014இல் லான்செட்டில் வெளியான காப்ஸி ஆய்வும், பயிற்சி பெற்ற சமுதாயப் பணியாளர்களால் மனச்சிதைவு நோயாளிகளுக்கு ஓரளவு பலன் கிடைப்பதைத்தான் காட்டியது. நோய்க்கணிப்பை அவர்களிடம் அது ஒப்படைக்கவில்லை. பிரிட்டனில் 2006 முதல் உரிய பயிற்சி பெற்ற செவிலியர்கள் தங்கள் தகுதி வரம்புக்குள் ஏறக்குறைய எல்லா மருந்துகளையும் எழுதலாம்; ஆனால் அந்தப் பயிற்சியே நோயாளியை மதிப்பிடுவதில்தான் தொடங்குகிறது. நம் சட்டத்தின் 106ஆவது பிரிவோ, தன் தொழில்துறை அனுமதிக்காத மருந்தையோ சிகிச்சையையோ யாரும் பரிந்துரைக்கக் கூடாது என்கிறது. ஆகவே நாம் கேட்பது தற்காலிகக் கணிப்பு. மருத்துவர் அதை ஏற்கலாம், திருத்தலாம். எத்தனை முறை திருத்தினார் என்ற கணக்கு இருந்தால் அதுவே நம் தகுதிக்கான சான்று, அல்லது பயிற்சிக் குறைவுக்கான சான்று. இரண்டுமே நமக்குத் தேவை.

நம்மவர்களிடமே எழும் எதிர்ப்பு வேறு. முத்திரை குத்துவது நம் வேலையா, காது கொடுப்பதல்லவா என்கிறார்கள். பெயரிடாத நோயாளிக்கும் முத்திரை விழத்தான் செய்கிறது. 'ஒத்துழைக்காதவர்', 'நடிக்கிறார்' என்று டியூட்டி மாற்றும்போது வாய்வழியே அது கைமாறுகிறது. அதற்குக் காரணம் எழுத வேண்டியதில்லை என்பதால் யாரும் அதைத் திருத்துவதுமில்லை. வேலைப்பளு கூடும் என்பது மட்டும் முழு உண்மை. நாற்பது படுக்கைக்கு இருவர் நிற்கும் வார்டில் நீண்ட படிவம் எதுவும் செல்லுபடியாகாது. மூன்று வரி போதும்: "டெலிரியமாக இருக்கலாம். மாலை முதல் கவனச் சிதறல், சிறுநீர் கலங்கல், காய்ச்சல் 101. மனச்சோர்வு எனக் கொள்ளாததற்குக் காரணம், காலையில் தெளிவாகப் பேசினார்." கீழே பெயர், நேரம், பதிவெண்.