புல்லுக்கும் உண்டு ஒரு போகம்

பெரும்போகம் தொடங்குமுன் மட்டக்களப்பு மாவட்டத்தில் ஆரம்பக் கூட்டங்கள் நடக்கும். விதைப்புக்கு எந்த நாள், வயல் நிலங்களிலிருந்து மாடுகளை அகற்றக் கடைசி நாள் எது என்றெல்லாம் அங்கேதான் முடிவாகும். மாடு எங்கிருந்து போக வேண்டும் என்று சொல்லும் அந்தக் கூட்டம், அது எங்கே போய் மேய வேண்டும், அங்குள்ள புல் பூத்து விதைக்க எத்தனை நாள் வேண்டும் என்பதையும் பேச வேண்டும். நமது புல்வெளிகளை மீட்கும் வேலை அங்கிருந்துதான் தொடங்க முடியும்.

படுவான்கரையின் மேய்ச்சல் தரைகளும் வாவியோரத் தாழ்நிலங்களும் நமது பார்வையில் பெயரில்லாதவை. மரம் நின்றால் காடு, நெல் விளைந்தால் வயல். இரண்டும் இல்லையென்றால் வெறும் காணி. ஆனால் வடகீழ்ப் பருவமழை விழுந்ததும் அந்த 'வெறும் காணி'யில் புல்லோடு தும்பையும் நெருஞ்சியும் தொட்டாச்சிணுங்கியும் பூக்கின்றன. காட்டுத் தேனீக்களில் பல இனங்கள் மரத்தில் அல்ல, மண்ணில் வளை தோண்டி வாழ்பவை. அவற்றுக்கு உழாத நிலமும் பூவும் அருகருகே வேண்டும். அந்தத் தேனீக்களும் நமது மேட்டுநிலப் பூசணியையும் வெள்ளரியையும் காய்க்க வைக்கின்றன. மீன்பாடும் தேன்நாடு என்று பெருமை பேசும் நாம், தேனுக்கு வேண்டிய பூ எங்கே பூக்கிறது என்று கேட்பதில்லை.

இந்த நிலத்துக்கு ஓய்வு எளிதில் கிடைப்பதில்லை. மாரியில் வயலில் நெல் நிற்கும்போதுதான் பட்டிகள் மேய்ச்சல் தரைக்குச் செல்கின்றன. புல் தளிர்த்துப் பூக்கும் காலமும் அதுவே. தரை விரிந்து கிடந்தால் மாடு ஓரிடத்தில் மேயும்போது இன்னோரிடம் விதைத்துக்கொள்ளும். சுருங்கினால் எல்லா இடமும் ஒரே நேரத்தில் கடிபடும். மயிலத்தமடு, மாதவணை மேய்ச்சல் தரையில் அத்துமீறிப் பயிர்ச்செய்கை நடக்கிறது என்று கூறி, 2023 செப்டெம்பரில் பால்பண்ணையாளர்கள் சித்தாண்டியில் அறப்போராட்டம் தொடங்கினார்கள். அதை வெறும் காணித் தகராறாகப் பார்ப்பது போதாது. தரை பறிபோனால் மாட்டுக்குத் தீனி குறையும். எஞ்சிய தரையின் அடுத்த ஆண்டு விதையும் போய்விடும்.

சூழலைக் காப்பது என்றதும் நமக்குத் தோன்றுவது மரநடுகை. அதன் கதையை நமது கரைகளே அறியும். 2004 ஆழிப்பேரலைக்குப் பின் இலங்கைக் கரையோரத்தில் 1,000 முதல் 1,200 ஹெக்டேயர் வரை கண்டல் நாட்டப்பட்டது. ருகுணுப் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் பெல்ஜிய ஆய்வாளர்களும் சேர்ந்து செய்து 2017இல் வெளியிட்ட ஆய்வின்படி, அதில் பிழைத்தது ஏறத்தாழ 200 ஹெக்டேயர். ஆராய்ந்த 23 இடங்களில் 9 இடங்களில் ஒரு கன்றும் எஞ்சவில்லை. தண்ணீரின் ஏற்ற இறக்கம் பார்க்காமல், எந்த மரத்துக்கு எந்தச் சேறு என்று பார்க்காமல் நட்டதும், நட்டபின் திரும்பிப் பாராததும்தான் முக்கியக் காரணங்கள். அந்தப் பாடத்தைப் படித்து அறிவியல் வழியில் நடக்கும் இலங்கையின் கண்டல் மீட்பு முயற்சியை 2024இல் ஐக்கிய நாடுகள் சபை உலகின் முன்மாதிரி மீட்புத் திட்டங்களில் ஒன்றாக அறிவித்தது. கண்டலுக்குக் கற்ற பாடத்தைப் புல்லுக்கும் கற்றாக வேண்டும்.

புல்வெளியில் மரம் நடுவது அதைவிடக் கெடுதல். நீலகிரியின் மலைப் புல்வெளிகளை ஆங்கிலேயர் தரிசு என்று எண்ணினர். அங்கே வைக்கப்பட்ட சீகையும் (வாட்டில்) கற்பூர மரமும் (யூக்கலிப்டஸ்) பரவிப் புல்லை விழுங்கின. இன்று அந்த அந்நிய மரங்களை அகற்றப் பெரும்பாடு படுகிறார்கள். பூ இருக்கிறதே என்று மயங்கவும் கூடாது. நமது நீர்நிலைகளை மூடும் ஆற்றுவாழையும் அழகான ஊதாப் பூ பூப்பதுதான். அதைத் தடுக்க இந்த நாட்டில் 1909இலேயே சட்டம் போட வேண்டியிருந்தது.

அப்படியானால் புல்வெளியை எப்படி மீட்பது? 1930களில் இருந்த பூம்புல்வெளிகளில் ஏறத்தாழ 97 சதவீதத்தை இழந்த நாடு இங்கிலாந்து. எலிசபெத் அரசி முடிசூடி 60 ஆண்டு நிறைந்த 2013இல், எஞ்சிய பழைய புல்வெளிகளைத் தாய்நிலமாக வைத்து அங்கே மீட்புத் திட்டம் ஒன்று தொடங்கியது. பழைய நிலத்தில் விதை முற்றியதும் புல்லை அறுத்து, ஈரம் காயுமுன் அருகிலுள்ள புதிய நிலத்தில் பரப்புவார்கள். விதை அந்த ஊர் விதையாகவே இருக்கும். பிறகு அந்த நிலத்தைக் காப்பது காலம் பார்த்த அறுப்பும் மேய்ச்சலும். மாட்டைத் துரத்தியல்ல, மாட்டை வைத்துத்தான் பூவை மீட்டார்கள்.

அங்கே வைக்கோற்புல், இங்கே பட்டி. முறையை அப்படியே எடுக்க முடியாது, கொள்கையை எடுக்கலாம். முதலில், மேய்ச்சல் தரைகளை அளந்து எல்லையிட்டு வர்த்தமானியில் அறிவிக்க வேண்டும்; சட்டக் காப்பு இல்லாத நிலத்தில் எந்த மீட்பும் நிலைக்காது. அடுத்து, ஒவ்வொரு தரையையும் சில துண்டுகளாகப் பிரித்து, ஆண்டுக்கு ஒன்றை விதை உதிரும்வரை மேயாமல் விட வேண்டும். எந்தத் துண்டு என்று பட்டிக்காரர்களே சொல்லட்டும். எங்கே எது முளைக்கும் என்று அவர்களைவிட அறிந்தவர் யார்? வந்தாறுமூலையில் உள்ள கிழக்குப் பல்கலைக்கழகம் ஆண்டுதோறும் பூவையும் தேனீயையும் கணக்கெடுத்து, பலனைத் தமிழில் ஊருக்குச் சொல்லட்டும்.

ஓய்வு விட்ட துண்டுக்கு ஈடாக மாடு எதைத் தின்னும் என்று பால்பண்ணையாளர் கேட்பார். நியாயமான கேள்வி. சிறுபோக அறுவடைக்குப் பின் வயலில் எரிந்து வீணாகும் வைக்கோலைக் கட்டிச் சேமித்து மாரியில் கொடுக்கலாம். அதன் செலவை அவர் தலையில் கட்டக் கூடாது. பூவும் தேனீயும் ஊருக்கெல்லாம் பயன் தருபவை. செலவையும் பொதுப்பணம்தான் ஏற்க வேண்டும்.

அடுத்த பெரும்போகக் கூட்டத்தின் அறிக்கையில் ஒரு வரி கூடட்டும்: மாடுகளை அகற்றும் கடைசி நாளுக்குக் கீழே, இந்த ஆண்டு ஓய்வெடுக்கும் புல்தரையின் பெயர்.