கடவுச்சீட்டு கேட்கும் நஞ்சு

வியட்நாமில் அமெரிக்கா தெளித்தது வெறும் களைக்கொல்லிதான், நம்மூர் நெல்வயலில் அடிப்பதும் அதுவேதான், ஆகவே ‘ஏஜென்ட் ஆரஞ்ச்’ என்பது இடதுசாரிகள் கட்டிவிட்ட பூச்சாண்டி என்று சென்ற இதழில் எழுதியிருக்கிறார் நண்பர். வேதியியல் தெரியாமல் வேதியியல் பேசத் தனித் துணிச்சல் வேண்டும். அது அவரிடம் தாராளமாகவே இருக்கிறது. வயலில் விழுவது 2,4-டி. அமெரிக்க விமானங்கள் கொட்டிய கலவையில் சரிபாதி 2,4,5-டி. அதன் தயாரிப்பிலேயே கூடப் பிறந்த டையாக்சின்தான் இந்த வழக்கின் குற்றவாளி. நண்பரோ குற்றவாளியை விட்டுவிட்டுப் பக்கத்து வீட்டுக்காரனுக்கு நன்னடத்தைச் சான்றிதழ் வாங்கி வந்து நீட்டுகிறார். 1962 முதல் 1971 வரை பல ரகங்களாக 7 கோடி லிட்டருக்கு மேல், அதிலும் ஆரஞ்சு ரகத்தைத் தண்ணீர்கூடக் கலக்காமல், காட்டின் மீது மட்டுமின்றிக் குடியானவர்களின் பயிர் மீதும் பொழிந்ததைக் களையெடுப்பு என்கிறாரே, அவர் அகராதியில் களை யார்?

அடுத்து, ஆதாரம் எங்கே என்கிறார். இங்கே சற்று நிற்போம். 1984இல் இதே நஞ்சுக்காகத் தயாரிப்பு நிறுவனங்கள் படைவீரர்களுக்கு 18 கோடி டாலர் தர இசைந்தன. சமரசம் வேறு, ஒப்புதல் வேறு என்று வக்கீல் நியாயம் பேசுவார், பேசட்டும். 1991ஆம் ஆண்டு அமெரிக்கச் சட்டத்தை என்ன செய்வார்? வியட்நாமில் பணியாற்றிய அமெரிக்க வீரருக்குப் பட்டியலிலுள்ள நோய் வந்தால், நஞ்சு பட்டதை அவர் நிரூபிக்கவே வேண்டாம். பட்டதாக அரசே கொள்ளும். புராஸ்டேட் புற்றுநோய், சர்க்கரை நோய், பார்க்கின்சன் எல்லாம் அந்தப் பட்டியலில் பிறகு சேர்ந்தவை. வீரரின் பிள்ளை முதுகெலும்பு மூடாமல் பிறந்தால் அதற்கும் உதவித்தொகை உண்டு. அந்த மண்ணிலேயே பிறந்து, அந்தக் குளத்து மீனையே தின்றவர்கள் நியூயார்க் நீதிமன்றப் படியேறியபோதோ, 2005இல் வழக்கு தள்ளுபடி: சர்வதேசச் சட்டமும் மீறப்படவில்லையாம், நோய்க்கும் நஞ்சுக்கும் தொடர்பும் நிறுவப்படவில்லையாம். தீர்ப்பெழுதிய ஜாக் வைன்ஸ்டீன்தான் 1984 சமரசத்தையும் முன்னின்று முடித்துவைத்தவர். டையாக்சின் என்ன, கடவுச்சீட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டா உடம்பில் இறங்குகிறது? நண்பர் அறிவியலின் பெயரால் கேட்பது ஆதாரமல்ல, குடியுரிமைச் சான்று.

காடு தானாகவே மீண்டுவிட்டது என்பதற்கு அவர் அழைத்துவரும் சாட்சி கான் ஜியோ அலையாத்திக் காடு. பாவம், தன் சாட்சியையே அவர் விசாரிக்கவில்லை. 1978 தொடங்கி, கா மவ்விலிருந்து விதைகளைக் கொண்டுவந்து, முழங்கால் சேற்றில் நின்று ஒவ்வொன்றாக ஊன்றியவர்கள் மனிதர்கள். அவர்கள் உழைப்பை இயற்கையின் கணக்கில் வரவு வைத்துவிட்டு, போரின் கடனையும் தள்ளுபடி செய்கிறார். இது எந்த ஊர்க் கணக்கு?

வியட்நாமே அமெரிக்காவோடு வியாபாரம் செய்கிறதே, உமக்கென்ன வலிக்கிறது என்பதற்கெல்லாம் பதில் தேவையில்லை. ஆனால் வல்லரசாக விரும்பும் நாடு மரம் மட்டைகளைப் பார்த்துத் தயங்கக்கூடாது என்று கடைசிப் பத்தியில் வாய்தவறிச் சொல்லிவிட்டாரே, அங்கேதான் பூனை வெளியே வருகிறது. போன போரைக் கழுவித் துடைத்து வைத்தால்தானே வரப்போகிற போருக்குக் கூச்சமில்லாமல் கைதட்டலாம்?

மறுப்பு எழுதுவாரென்றால் 1991 சட்டத்திலிருந்து தொடங்கட்டும். கையோடு இதையும் விளக்கட்டும்: டா நாங் விமானதளத்து மண்ணை வெட்டியெடுத்து, பெரிய கான்கிரீட் பெட்டிக்குள் குவித்து, 300 டிகிரிக்கு மேல் சூடேற்றி 2018வரை நஞ்சு முறித்தார்கள், அமெரிக்கப் பணத்தில். வெறும் களைக்கொல்லிக்கு மண்ணை எதற்கய்யா வறுக்கவேண்டும்?