துரைமாரின் ஆட்டமா?

நுவரெலியா கோல்ப் கழகம் 1889 ஆம் ஆண்டில் தோன்றியது. நகரின் நடுவே விரிந்துள்ள அப்புல்வெளியை நம்மவரிற் பலர் வீதியில் நின்று பார்த்ததோடு சரி. "அது துரைமாரின் ஆட்டம், நமக்கெதற்கு?" என்பர் பெற்றோர். ஆனால் ஆர்வமுள்ள மாணவனை உண்மையில் மிரட்டுவது மட்டைகளின் விலையே.

ஆட்டவிதி யாது கூறுகிறது? ஒருவர் 14 மட்டைகளுக்கு மேல் கொண்டுசெல்லலாகாது என்கிறது. இத்தனையேனும் வேண்டும் என்று கூறவில்லை. கடைக்காரர் இதைச் சொல்வாரா என்பது வேறு விஷயம்! தொடங்குபவருக்கு 7 ஆம் எண் இரும்பு மட்டையும், பந்தைக் குழிக்குள் உருட்டும் 'பட்டர்' மட்டையும் போதும். பழையனவே வாங்குங்கள். தலை ஆடுகிறதா, எஃகுத் தண்டில் நெளிவோ துருவோ உண்டா என்று பாருங்கள். கைப்பிடி இறப்பர் தேய்ந்திருந்தால் அஞ்சவேண்டாம், மாற்றிவிடலாம். சிறுவருக்குப் பெரியவரின் மட்டையை அறுத்துக் கொடுக்காதீர்கள். தண்டின் விறைப்புக் கூடுமேயன்றிப் பாரம் அவ்வளவாகக் குறையாது.

பந்தை வானளாவ அடிக்கவே எவருக்கும் ஆசை. நுவரெலியாவின் ஆறாயிரம் அடி உயரத்து மெல்லிய காற்றில் அது சற்றுக் கூடுதலாகவே பறக்கும். அதைத் தம் திறமையென்று எண்ணிவிடலாகாது. முதலிற் பழக வேண்டியது உருட்டலே. குழிக்கு இரண்டாக, 18 குழிகளுக்கு 36 அடிகள். ஆட்டத்துக்கென வகுத்த அடிகளில் ஏறக்குறையப் பாதி. இதற்குக் கழகமும் வேண்டியதில்லை, கட்டணமும் வேண்டியதில்லை. வீட்டுத் தரையில் ஒரு கோப்பையைச் சரித்து வைத்தாற் போதும்.