மெத்தனால் நச்சு: நரம்பில் ஏற்றும் பைகார்பனேட் என்ன செய்கிறது? வீட்டு சோடா மாவு உதவுமா?

2018 செப்டம்பரில் சிலாங்கூர், கோலாலம்பூர் வட்டாரங்களில் மெத்தனால் கலந்த மது 30-க்கும் மேற்பட்டோரின் உயிரைப் பறித்தது. 2024 ஜூனில் தமிழ்நாட்டின் கள்ளக்குறிச்சியில் விஷச் சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். இப்படிப் பாதிக்கப்படுவோருக்கு நரம்பு வழியாக ஏற்றப்படும் மருந்துகளில் ஒன்று சோடியம் பைகார்பனேட்.

"அது நம்ம வீட்டு சோடா மாவுதானே? கரைச்சுக் குடிச்சா போதாதா?" என்று நீங்கள் கேட்கலாம். போதாது. அது ஆபத்தும்கூட.

உடலுக்குள் என்ன நடக்கிறது?

கல்லீரல் மெத்தனாலை ஃபார்மால்டிஹைடாகவும், பிறகு ஃபார்மிக் அமிலமாகவும் மாற்றுகிறது. பார்வை நரம்பைத் தாக்குவது இந்த அமிலம்தான். ரத்தத்தின் பிஎச் அளவு 7.35 முதல் 7.45 வரை இருக்க வேண்டும். அது 7-ஐ நெருங்கினால் உயிருக்கே ஆபத்து.

மருந்து என்ன செய்கிறது?

பைகார்பனேட் ரத்தத்தின் அமிலத்தன்மையைக் குறைக்கிறது. அதனால் ஃபார்மிக் அமிலம் கண்ணுக்குள்ளும் மூளைக்குள்ளும் ஊடுருவுவதும் குறைகிறது. ஆனால், மெத்தனாலை அது வெளியேற்றாது. அதற்கு டயாலிசிஸ் வேண்டும். மெத்தனால் அமிலமாக மாறுவதைத் தடுக்க ஃபோமெபிசோல் மருந்தோ, மருத்துவர் கண்காணிப்பில் எத்தனாலோ தரப்படும். பைகார்பனேட் தருவது அவகாசம் மட்டுமே.

வீட்டு வைத்தியம் ஏன் கூடாது?

மருத்துவமனையில் பயன்படும் 8.4 சதவீதக் கரைசலின் ஒவ்வொரு மில்லிலிட்டரிலும் 1 மில்லிமோல் பைகார்பனேட் இருக்கும். அளவு மிஞ்சினால் ரத்தத்தில் பொட்டாசியமும் கால்சியமும் குறைந்து, இதயத் துடிப்பு சீர்குலையலாம். அதனால்தான் ரத்தத்தைத் திரும்பத் திரும்பச் சோதித்து ஏற்றுகிறார்கள்.

குடிக்கும் சோடா மாவில் ஒரு பகுதி, வயிற்று அமிலத்தோடு சேர்ந்து வாயுவாகிவிடும். மயக்கத்தில் இருப்பவர் வாந்தியெடுத்தால் அது மூச்சுக்குழாய்க்குள் போகலாம். வீணாகும் நேரம் இன்னொரு இழப்பு.

நீங்கள் என்ன செய்ய வேண்டும்?

அறிகுறிகள் தெரிய 12 முதல் 24 மணி நேரம்கூட ஆகலாம். "போதை இன்னும் தெளியல, தூங்கட்டும்" என்று விட்டுவிடாதீர்கள். மங்கலான பார்வை, வயிற்று வலி, வேகமான மூச்சு இருந்தால் உடனே 999-ஐ அழையுங்கள். பினாங்கு வாசிகள் ஜார்ஜ்டவுனில் உள்ள பினாங்கு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குச் செல்லலாம்.

ஆலோசனை தர, பினாங்கிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் 1994 முதல் தேசிய நச்சு மையம் இயங்குகிறது. அதன் எண்: 1-800-88-8099.

சம்சு குடித்ததைச் சொல்ல வெட்கமோ, போலீஸ் பயமோ வேண்டாம். என்ன குடித்தார், எப்போது குடித்தார் என்று மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். புட்டி இருந்தால் எடுத்துச் செல்லுங்கள். அதே புட்டியில் குடித்த மற்றவர்களும், நன்றாக இருப்பதாகத் தோன்றினாலும், உடனே பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்.